படகு டைவ் நாளில் அடிபட்ட பெரிய மீன் எதிர்ப்பட்டால்

ஸ்கூபா பயிற்சி முடிந்து சான்றிதழ் அட்டை கைக்கு வந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "பெரிய மீன் எப்போ பார்க்கலாம்?" என்பதுதான். பார்க்கலாம். ஆனால் போஸ்டரில் இருப்பதுபோல மாசு மருவில்லாத மீனாகத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். வாயோரத்தில் தூண்டில் முள் தொங்கும் சுறா, ஒரு தலைத்துடுப்பு அறுந்துபோன மாண்டா திருக்கை, முதுகில் வரிவரியாக வெட்டு விழுந்த திமிங்கிலச் சுறா என்று ஏதாவது ஒன்று, தொடர்ந்து கடலுக்குள் இறங்குகிறவர் கண்ணில் என்றாவது படும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை அடிப்படைப் பயிற்சியில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் நான் செய்த கூத்தைக் கீழே சொல்கிறேன்.

படகில் ஏறும் நாளை முதலிலிருந்தே பார்த்துவிடுவோம். மீனைப் பார்க்கும் நிமிடத்தில் நிதானமாக இருக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய பத்து மணி நேரம் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும்.

முந்தின இரவு

மது வேண்டாம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். மூக்கடைப்போ சளியோ இருந்தால் டைவை ரத்து செய்யுங்கள்; காதுக்குள் அழுத்தம் சமமாகாவிட்டால் செவிப்பறை கிழியலாம். கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள், வயிற்றைப் புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை, படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு வரும். எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு, கரையில் இருக்கும் ஒரு நாளிலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

விமானம் ஏற வேண்டியிருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் அதற்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஒன்றுக்கு மேல் அல்லது தொடர்ந்து பல நாட்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம்.

பையில் வைக்க வேண்டியவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதியவர்கள் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் பெரிய கத்தி ஒன்றை ஆசையாக வாங்குவார்கள். பார்க்க வீரமாக இருக்கும், அவ்வளவுதான். முனை மழுங்கிய கத்திரி ஒன்று போதும், அதுவும் எந்தக் கையாலும் எட்டிப் பிடிக்கிற இடத்தில். அது மீனுக்கு அல்ல, உங்களுக்கு. மீனைச் சுற்றிய அதே தங்கூசி நூல் உங்கள் காலில் மாட்டிய ஃபின்னையும் சிலிண்டர் வால்வையும் சுற்றும், தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது.

படகில்

கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே உபகரணங்களைப் பூட்டி முடித்துவிடுங்கள். ஆடும் படகில் குனிந்து நின்று ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சு இழுக்கும் கருவி) மாட்டுவதைப்போல வயிற்றைப் புரட்டும் வேலை வேறு எதுவும் இல்லை. சிலிண்டரைத் திறந்து, அளவுமானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை மூச்சு இழுங்கள். முள் ஆடாமல் 200 பார் (காற்றழுத்த அலகு) பக்கத்தில் நிற்க வேண்டும். மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் சரிந்து சரிந்து ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள்.

உட்காருவது படகின் நடுப்பகுதியிலோ சற்றுப் பின்னாலோ. படகின் முன்பக்கமான அணியத்தில் ஆட்டம் அதிகம், எஞ்சின் ஓரத்தில் புகை. பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். வாந்தி வந்தால் காற்று போகும் திசைப் பக்கம் போய்க் குனியுங்கள், எதிர்ப்பக்கம் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், தண்ணீருக்குள்ளேயே வாந்தி வந்தாலும் ரெகுலேட்டரைக் கழற்றக் கூடாது. அதற்குள்ளேயே எடுக்கலாம், வெளியேறிவிடும்.

இறங்குவதற்கு முன் குழுவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் பேசும் ஐந்து நிமிடங்களில் நான்கு விஷயங்கள் மனதில் பதிய வேண்டும்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், நீரோட்டம் எந்தப் பக்கம், திரும்பி வந்து ஏறுவது எப்படி. அவர் முடித்ததும் நீங்களாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அடிபட்ட பெரிய மீன் ஏதாவது வந்தால் நாம் என்ன செய்வோம்?" பதிலிலேயே அந்தப் படகின் தரம் தெரிந்துவிடும். "எனக்குக் கை காட்டுங்கள், தள்ளி நில்லுங்கள், படம் எடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது நல்ல பதில். "பிடித்து அறுத்து விட்டுவிடலாம், ஜாலியாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து சற்றுத் தள்ளியே நீந்துங்கள்.

கைச் சைகையையும் அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். விரித்த கையை நெற்றியில் செங்குத்தாக வைத்தால் சுறா. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் அடிபட்ட சுறா என்று புரிந்துகொள்வார்கள்.

இறங்கிய பிறகு

குதிப்பது, மிதவை ஜாக்கெட்டிலிருந்து காற்றை வெளியேற்றுவது, காது சமன் செய்வது எல்லாம் பயிற்சியில் செய்ததுதான், திரும்பச் சொல்லவில்லை. காதில் வலி தொடங்கும் முன்பே சமன் செய்யுங்கள் என்பது ஒன்றுதான் கூடுதல். அடிப்படைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர் என்பதும் நினைவிருக்கட்டும், சற்று நேரத்தில் அது வேலைக்கு வரும்.

தண்ணீருக்குள் கண் இரண்டு விதத்தில் ஏமாற்றும். மாஸ்க் வழியாகப் பார்க்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 3 மீட்டர் சுறா 4 மீட்டராகத் தெரிவதும், மேலே வந்து 5 மீட்டர் என்று கதை சொல்வதும் இதனால்தான். இரண்டாவது நிறம். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். ஒருமுறை என் கூட்டாளியின் விரலைப் பாறை கீறி, பச்சையாக ஒரு புகை கிளம்பியது. பாசி கலங்கியது என்றே நினைத்தேன். டார்ச் அடித்ததும்தான் அது ரத்தம் என்று தெரிந்தது. மீனின் உடலிலிருந்து பச்சையாகவோ கருப்பாகவோ ஏதாவது கசிந்தால் அது ரத்தமாக இருக்கலாம். டார்ச்சை மீனின் கண்ணில் மட்டும் அடிக்க வேண்டாம்.

மீன் வந்துவிட்டது

முதலில் நீங்கள் நில்லுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அளவுமானியையும் ஆழத்தையும் பாருங்கள். மீனைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

இந்த வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் உள்ளே 2,400 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்துவிட்டால் செலவுக்கு 1,800 லிட்டர். அமைதியாக இருக்கிற ஒருவர் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு எளிதாக 20 மீட்டர் ஆழம் என்று எடுத்துக்கொண்டால் அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே 60 லிட்டர். அரை மணி நேரம் தாங்கும். பெரிய மீனைப் பார்த்த படபடப்பில் மூச்சு இரட்டிப்பானால் அதே காற்று கால் மணி நேரம்தான். விரட்டிக்கொண்டு நீந்தினால் அதுவும் இல்லை.

நான் விரட்டினேன். என் ஏழாவது டைவோ எட்டாவதோ. ஒரு மாண்டா, இடது சிறகுக்குப் பின்னால் நீளமாக நூல் இழுபட்டுக்கொண்டே போனது. அதன் நுனியை எட்டிப் பிடித்துவிட்டால் போதும், அறுத்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். யாரோ என் ஃபின்னைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் டைவ் மாஸ்டர். அவர் என் மணிக்கட்டில் இருந்த, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைச் சுட்டிக் காட்டினார்: 26 மீட்டர். காற்று 60 பார். புறப்படும்போது இருந்தது 17 மீட்டர், 120 பார். மாண்டா நான் வந்ததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, இரண்டு முறை சிறகை அசைத்தது, காணாமல் போய்விட்டது. மேலே வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "நுனியைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நூல் அதன் சதையில் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். என் கையில் சுற்றியிருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

சரி, எங்கே நிற்பது? பக்கவாட்டில், குறைந்தது 3 மீட்டர் தள்ளி. திமிங்கிலச் சுறாவின் வாலருகே அதைவிடக் கூடுதலாக. அந்த வால் வேண்டுமென்றே அடிப்பதில்லை, ஆனால் பட்டால் எலும்பு உடையும். முன்னால் போய் வழியை மறிக்கவே கூடாது. மாண்டாவும் பல சுறாக்களும் முன்னோக்கி நீந்தினால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடும், மூச்சு கிடைக்கும். மாண்டாவால் பின்னோக்கி நீந்தவும் முடியாது. அடிபட்ட மீனுக்கு ஒவ்வொரு திருப்பமும் செலவுதான். தரையில் கிடக்கும் திருக்கைக்கு நேர் மேலே மிதக்க வேண்டாம், வால் முள் மேல்நோக்கித்தான் பாயும். பாறை இடுக்கில் இருக்கும், பாம்புபோன்ற அஞ்சாளை மீனிடமும் கை நீட்ட வேண்டாம். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ரத்தம் கசியும் மீனைச் சுற்றி மற்ற சுறாக்கள் கூடி, வேகம் கூடி, வட்டம் சுருங்குவதுபோல இருந்தால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறா மிரட்டும்போது முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தொங்கவிட்டு, உடம்பை மிகையாக ஆட்டி நீந்தும். அதைக் கண்டால் முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே, குழுவாக, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். முதுகைக் காட்டிப் பாய்ந்து ஓட வேண்டாம்.

காயத்தைப் படிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காயத்தின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஒரே இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக, சீப்பு இழுத்ததுபோல வெட்டுகள் இருந்தால் படகின் புரொப்பல்லர். மேல்மட்டத்தில் இரை தேடும் திமிங்கிலச் சுறாவிடம் இதைப் பார்க்கலாம். சிறகின் பின்விளிம்பில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் சுறா கடித்தது. உருளையாகத் தோண்டி எடுத்ததுபோல வட்டக் குழி இருந்தால் அது பெரும்பாலும் குக்கீகட்டர் என்கிற குட்டிச் சுறாவின் வேலை. அரை மீட்டர் நீளமே இருக்கும், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனிடம் ஒரு வாய் சதையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

பெண் சுறாவின் செவுள் அருகிலும் பக்கத் துடுப்பிலும் பல் தடங்கள் கூட்டமாக இருந்தால் பதறாதீர்கள். இணை சேரும்போது ஆண் சுறா கடித்துத்தான் பிடித்துக்கொள்ளும். நீலச் சுறாவில் இதற்காகவே பெண்ணின் தோல் ஆணுடையதைவிட இரு மடங்குக்கும் மேல் தடித்திருக்கிறது. பெண் மாண்டாவுக்கும் சிறகு நுனியில் இந்தத் தழும்பு இருக்கும், பெரும்பாலும் இடது சிறகில். நான் முதலில் பார்த்தபோது "ஐயோ, யாரோ வெட்டிவிட்டார்கள்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். டைவ் மாஸ்டர் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தது தெரிந்தது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நூலைப் பார்த்துத்தான். கடி ஒரு நொடியில் முடிந்துவிடும், அதன் பிறகு உடம்பு ஆற ஆரம்பிக்கும். மாண்டாவும் திமிங்கிலச் சுறாவும் பெரிய காயங்களையும் ஆற்றிக்கொள்கிற மீன்கள். நூல் அப்படியில்லை. மீன் நீந்த நீந்த அறுத்துக்கொண்டே போகும். மாண்டாவுக்கு இது கூடுதல் கொடுமை, தலையில் நூல் பட்டால் அது குட்டிக்கரணம் போட்டு விடுபடப் பார்க்கும், அதில் நூல் இன்னும் இரண்டு சுற்று ஏறிவிடும். வாயின் இருபுறமும் கொம்புபோல இருக்கும் தலைத்துடுப்புதான் முதலில் மாட்டும், நாளடைவில் அறுந்தும் போகும். இரையை வாய்க்குள் தள்ளிவிடுவது அந்தத் துடுப்புதான்.

தூண்டில் முள் வாயின் ஓரத்தில் மட்டும் குத்தியிருந்து, நூல் இல்லாமல் இருந்தால் பல சுறாக்கள் அதோடு வாழ்ந்துவிடும். தொண்டைக்குள்ளிருந்து நூல் வெளியே வந்தால் முள் வயிற்றில் இருக்கலாம். அதை இழுப்பது குடலை இழுப்பதற்குச் சமம்.

காயத்தைவிட நடத்தை முக்கியம். நேராக நீந்துகிறதா, இரை எடுக்கிறதா, ஆள் அருகில் வந்தால் விலகுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பார்க்கக் கோரமாக இருந்தாலும் அது சமாளிக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேல்மட்டத்தில் உணர்வில்லாமல் மிதந்தால் நிலைமை மோசம். ஆனால் தரையில் அசையாமல் கிடக்கிற சுறா எல்லாம் நோயாளி அல்ல. நர்ஸ் சுறாவும் வெண்முனைப் பவளப்பாறைச் சுறாவும் படுத்து ஓய்வெடுக்கிற வகை. தூங்குகிறவரை எழுப்பி "உடம்புக்கு என்ன?" என்று கேட்காதீர்கள்.

அறுத்து விடலாமா?

நீங்கள் புதியவர் என்றால், கூடாது. பல நாடுகளில் மாண்டாவும் திமிங்கிலச் சுறாவும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, தொடுவதே குற்றமாகலாம்.

இணையத்தில் பார்த்த காணொளிகள் நினைவுக்கு வரும், தெரியும். பஹாமாஸில் கிறிஸ்டினா செனாட்டோ என்ற டைவர் சுறாக்களின் வாயிலிருந்து முள் எடுக்கிறார். பல ஆண்டுகளாக ஒரே இடத்தில், ஒரே சுறாக்களோடு பழகி, எஃகு வளையக் கவசம் போட்டுக்கொண்டு செய்கிற வேலை அது. ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் ஃபிரெக்கிள்ஸ் என்று பெயரிட்ட ஒரு மாண்டாவின் கண்ணுக்குக் கீழே குத்தியிருந்த முட்களை ஒருவர் எடுத்த காணொளி 2019இல் உலகமெங்கும் ஓடியது. அவர் அந்தக் கடலிலேயே வழிகாட்டியாக இருப்பவர், மாண்டாவும் அவருக்கு அறிமுகமானது. சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி, திரும்பத் திரும்ப முங்கி எடுத்தார். மாண்டா தானாக வந்து அசையாமல் நின்றது. அது விலகிப் போயிருந்தால் அவரும் விட்டிருக்க வேண்டியதுதான்.

உங்கள் குழுவில் அப்படிப்பட்ட அனுமதியும் அனுபவமும் உள்ளவர் இறங்கி வேலை செய்தால், நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தள்ளி நின்று அவருடைய காற்றையும் நேரத்தையும் கவனித்து, கூட்டாளிகளைக் கூட்டம் போடாமல் பார்த்துக்கொள்வது. பாறையில் சிக்கிய கைவிடப்பட்ட வலைக்குள் உயிரோடு மீன் துடித்தாலும் இதே கதைதான். வலையை இழுத்தால் பாறையோடு வரும், இல்லை உங்கள் மேல் விழும். இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

குறிப்பது எப்படி? மணி, ஆழம், போன திசை, காயம் இடமா வலமா, எதனால் என்று தோன்றுகிறது. பிறகு படம். காயத்தை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான், எந்த மீன் என்று தெரிய வேண்டும். திமிங்கிலச் சுறாவுக்கு இடது பக்கம், செவுளுக்குப் பின்னால், பக்கத் துடுப்புக்கு மேலே உள்ள புள்ளிகள். மாண்டாவுக்கு வயிற்றுப் பக்கம். இந்தப் புள்ளிகள் நம் கைரேகைபோல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்குமுறையைத் திமிங்கிலச் சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்தி 2005இல் வெளியிட்டார்கள். ஷார்க்புக், மாண்டாமேட்சர் போன்ற தரவுத்தளங்களில் நீங்கள் ஏற்றும் படம், அதே மீனை இன்னொருவர் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது காயம் ஆறியதா என்று சொல்லிவிடும்.

மேலே வருவது

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். படகுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் இதைச் சுருக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையை மேலே அனுப்பிவிட்டு, தலையை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்த்தபடி ஏறுங்கள். திமிங்கிலச் சுறாவின் முதுகை வெட்டிய அதே விசிறிதான் உங்கள் தலைக்கு மேலேயும் சுற்றுகிறது. எஞ்சின் நின்றதென்று படகிலிருந்து சைகை வரும்வரை ஏணிப் பக்கம் போகாதீர்கள், ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்குக் கீழே நிற்காதீர்கள், சிலிண்டர் நழுவினால் அது உங்கள் மேல்தான்.

துண்டை எடுக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பத்து நிமிடத்தில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள், இடது காயம் வலதாகிவிடும். டைவ் மாஸ்டரிடம் சொல்லி, அந்தப் பகுதிக் கடல் உயிரினப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ ஆய்வாளர்களுக்கோ தகவல் போகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் துல்லியமான இடத்தைப் போட வேண்டாம். மறுநாள் பத்துப் படகுகள் வந்து நிற்கும், பத்து புரொப்பல்லர்களோடு.

அடுத்த டைவுக்கு இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். இரண்டாவது, முதலாவதைவிட ஆழம் குறைவாக இருக்கட்டும். பார்த்த காட்சி மனதைக் கலக்கியிருந்தால் இரண்டாவதை விட்டுவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் அந்த மாண்டா நாளில் படகிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரோடு சேர்த்து அந்தக் கத்திரியையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். உப்பு ஏறித் துருப்பிடித்த கத்திரி தங்கூசியை வெட்டாது, மடக்கிக்கொண்டு வழுக்கும்.